ஜாக்கெட் பைக்குள் துளசி

ஒரு துளசிக் கதிரில் எத்தனை விதை இருக்கும்? இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் கணவர் பாறைகளை ஆராய்பவர். போன டிசம்பரில், தென்துருவக் கோடை தொடங்கியதும் அண்டார்டிகாவுக்குப் புறப்பட்டபோது, கோயிலில் கொடுத்த துளசியைக் காகிதத்தில் மடித்து அவருடைய ஜாக்கெட்டின் உள்பையில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் எடுத்து வைத்துவிட்டுப் போவார்.

அவர் போன இடத்தில் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் பனி. நடுவில் அங்கங்கே கறுப்பாகப் பாறை முனைகள். சின்னக் குன்று போலத் தெரியும் ஒவ்வொன்றும் ஒரு பெரிய மலையின் உச்சி. மிச்ச மலை பனிக்குள் புதைந்திருக்கிறது. செடி, மரம் எதுவும் கிடையாது. கல்லோடு ஒட்டி மெதுவாக வளரும் பாசிதான். “நம்ம பிரியாணிக் கல்பாசிக்குத் தூரத்துச் சொந்தம்” என்பார். வெளியிலிருந்து ஒரு விதைகூட அங்கே போகக் கூடாது என்றும் சொல்லியிருந்தார். ஆனால் துளசியைப் பிரசாதமாகப் பார்த்தேனே தவிர, விதையாக நினைக்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள், பூஜை அலமாரியில் காய்ந்து கிடந்த மிச்சத் துளசியை நான்கு வயது மகள் உள்ளங்கையில் தேய்த்து, “அம்மா, லுக், ஸீட்ஸ்!” என்றாள். கடுகைவிடச் சின்னதாகக் கறுப்பு விதைகள். அவர் ஜாக்கெட்டில் வைத்ததும் இதே துளசிதான். அந்தக் குளிரில் முளைக்காதுதான். ஆனாலும் விதி விதிதானே? பல வருடம் காத்திருந்து கிடைத்த வேலை. நான் செய்ததால் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை சாட்டிலைட் போனில் கூப்பிட்டார்.

“என்னங்க, ஜாக்கெட் உள்பாக்கெட்டைப் பாத்தீங்களா?”

“துளசியா? ஹோபார்ட் துறைமுகத்துலயே மாட்டிக்கிச்சு. அண்டார்டிகாவுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளிய இழுத்து வாக்குவம் போட்டாங்க. இது என்னன்னு கேட்டாங்க. என் பொண்டாட்டின்னேன். எல்லாரும் ஒரே சிரிப்பு.”

“அப்பவே சொல்லக் கூடாதா?”

“சொன்னா நீ பரிகாரம் பண்ணக் கிளம்பிருவ.”

“அப்போ உங்களுக்குத் துணைக்கு ஒண்ணுமே இல்லையா?”

“இந்தப் பாறை இருக்கே. காத்து அடிச்சா இதுக்குப் பின்னாடிதான் கூடாரம்.”

போனை வைத்ததும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கவலையில் விட்ட சாப்பாட்டுக்கும் சேர்த்து அன்று இரண்டு தடவை சாப்பிட்டேன்.

வரும் டிசம்பரில் மறுபடி போகிறார். வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. இலை, விதை, மண் எதுவும் ஆகாது. விபூதியைக் கொடுத்துவிடலாமா, அதுவும் தப்பா? உங்கள் வீட்டில் யாரையாவது இப்படி அனுப்பியிருந்தால், என்ன கொடுத்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்களேன்.