மாடத்தியின் மரக்கிடா

இடைசெவல் பக்கத்து சுப்பையா போன வாரம் என் பழைய மரக்கடை முன்னால் சைக்கிளை நிறுத்தினார். இறங்கவில்லை. "அண்ணாச்சி, மதினி போயிட்டாவ. காலையில ஆடு பத்தப் போகணும்னு எந்திரிச்சவிய, அப்படியே சாஞ்சிட்டாவ" என்றார். அவருடைய அண்ணன் மனைவி மாடத்தியைத்தான் சொன்னார்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுத்துக் கூட்டப் பழகியது இந்த வயதில்தான். மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் மாடத்தியை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

கோவில்பட்டியில் பழைய காரை வீடுகளை இடித்து டெரஸ் வீடு கட்டிய காலம் அது. உத்திரமும் கதவும் ஜன்னலும் வண்டி வண்டியாக என் கடைக்கு வந்தன. விறகு கேட்டு வந்த மாடத்தி, ஜன்னல் மேற்புறத்தில் பதித்திருந்த சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகளைப் பார்த்ததும் விறகை மறந்துவிட்டார்.

"இதையெல்லாம் என்ன செய்யப் போறிய?"

"உடைஞ்சா குப்பைதான்."

"அப்ப உடையுறதுக்கு முன்னால எனக்குத் தாங்க."

முதலில் ஒரு மயில் செய்தார். கதவுப் பலகையில் உடம்பு, தோகையெல்லாம் கண்ணாடி. மரத்தில் காடி என்கிற நீளப் பள்ளம் வெட்டி, கண்ணாடியை அசையாமல் இறுக்கிப் பதித்திருந்தார். ஐப்பசி மழையில் மரம் ஊறிப் பெருத்து, தோகை முழுவதும் கீறல் விட்டது. அத்தனையையும் பிடுங்கி, காடியை அகலமாக்கி, மறுபடி செய்தார். அதற்குப் பின் அவர் செய்த எதிலும் கண்ணாடி கொஞ்சம் ஆடும். "கடகடங்குதே, மரச்சில்லு வச்சு இறுக்கித் தரட்டா?" என்று கேட்டால், "இறுக்காதிய அண்ணாச்சி. மழைக்கு மரம் பெருக்கும். அதுக்கு இடம் விடணும்" என்பார்.

ஒரு வருஷம் அவர் மந்தையில் நோய் விழுந்தது. மிச்ச ஆடுகள் பிழைத்தால், அடுத்துப் பிறக்கும் கிடாவை ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் வெட்டுவதாக நேர்ந்துகொண்டார். ஆடுகள் பிழைத்தன. பிறந்த கிடாவின் தாய் ஈன்றவுடன் செத்தது. மாடத்தி அந்தக் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார். செவலை என்று பேர். அவர் பின்னாலேயே கடைக்கு வரும். என் வெற்றிலையைத் தின்றுவிட்டு என்னையே முட்டும்.

கொடை நெருங்கியபோது அவர் சொன்னார்: "செவலையைக் குடுக்க மாட்டேன். சாமிக்குச் சொன்ன சொல்லும் தப்ப மாட்டேன். மரத்துல கிடா செஞ்சு குடுக்கப் போறேன்."

சுப்பையாவுக்குக் கோபம். "மரக்கிடாவை வெட்டி, மரத்தூளையா படைக்கப் போறிய மதினி?"

"உமக்குக் கறி போகுதேன்னு வருத்தம். சாமிக்கு என்ன வருத்தம்னு சாமியே சொல்லட்டும்."

முறிந்த உத்திரத்தில் முதுகு வைத்தார். கட்டில் கால்கள் ஆட்டுக்கால்களாயின. வண்டிச் சக்கரத்தின் வளைந்த வட்டையில் கொம்பு. இரண்டு விலாவிலும் சட்டத்துக்குள் கண்ணாடி. வெயிலில் நிறுத்தியபோது கரிசல் மண்ணில் சிவப்பும் பச்சையுமாக ஒரு கிடா படுத்துக் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். பிறகுதான் வெட்டு. ஊர் கூடி முடிவு சொன்னது: மரக்கிடா சிலுப்பினால் நேர்த்திக்கடன் தீர்ந்தது, சிலுப்பாவிட்டால் செவலை. செவலைக்கும் மாலை போட்டுப் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். அது மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

பூசாரி செம்பிலிருந்து தெளித்தார். ஒன்றுமில்லை. மறுபடி தெளித்தார். மரம் சும்மா நின்றது. சுப்பையா செவலையின் கயிற்றை அவிழ்த்தார்.

மாடத்தி நகரவில்லை. "உசுருள்ள கிடான்னா சிலுப்புற வரைக்கும் ஊத்துவியல்லா? இதுக்கு மட்டும் என்ன அவசரம்? குடத்தோட ஊத்துங்க."

பூசாரி சிரித்துக்கொண்டே குடத்தைத் தூக்கி முதுகில் கவிழ்த்தார். தண்ணீர் விலாவில் இறங்கியது. காடிக்குள் இருந்த கண்ணாடிகள் நடுங்கின. கழுத்திலிருந்து வால் வரை சலசலவென்று ஓசை ஓடியது. முதல் குலவை யார் போட்டது என்று தெரியவில்லை. சுப்பையா கயிற்றைக் கீழே போட்டார். "சிலுப்பிட்டுல்லா" என்று அவரே சொன்னார்.

பிறகு கேட்டேன், "தெரிஞ்சுதான் செஞ்சியளா?"

"மயிலைக் கழுவும்போது சத்தம் கேட்டிருக்கேன். கிடாவுல கேக்குமான்னு எனக்கு என்ன தெரியும்? கேக்குற வரைக்கும் ஊத்தச் சொல்லியிருப்பேன்."

செவலை கிழடு தட்டி, பல் விழுந்து, தானாகத்தான் செத்தது. மரக்கிடா இன்னும் கோயிலில் நிற்கிறது. அதன் விலாவில் ரெண்டு கண்ணாடி கீறிக் கிடப்பதாகச் சுப்பையா சொன்னார். "கொடை வருது. மதினி இல்லையே அண்ணாச்சி" என்றார். அப்போதுதான் சைக்கிளை விட்டு இறங்கினார்.

மாடத்தி வெட்டி வைத்துவிட்டுப் போன நீலக் கண்ணாடிகள் என் கடையில் இருக்கின்றன. அவருடைய பிடிவாதத்திலும் கொஞ்சம் என்னிடம் இருக்கிறது. இதை எழுதும்போது கை நின்ற இடத்திலெல்லாம் அதுதான் தள்ளிவிட்டது. நாளைக்கு நானும் சுப்பையாவும் கோயிலுக்குப் போகிறோம். காடியைத் தளர்வாகவே வெட்டுவோம். மாட்டி முடித்ததும் குடத்தோடு தண்ணீர் ஊற்றிப் பார்ப்போம்.

கேட்கிற வரைக்கும் ஊற்றுவோம்.