ஸரீனாவுக்கு மிஞ்சிய இரண்டு ஓட்டைகள்

என் வீட்டுக்காரர் நிஸ்தார் எலக்ட்ரானிக் போர்ட் வரைகிறவர். தோட்டத்துக்குள் யானை வராமல் கட்டும் மின்வேலிக்கு, விட்டு விட்டு மின்சாரம் அனுப்பும் பெட்டி ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் பச்சைப் பலகையில் எந்தச் சாமான் எங்கே உட்காருவது என்று மாத்தளையில் எங்கள் முன்னறையிலிருந்து வரைவார். கொழும்புக் கொம்பனி விற்கும். கெட்டிக்காரர்தான். வாய் திறக்க வேண்டிய இடத்தில் மட்டும் தேத்தண்ணி கேட்பார்.

சாமான்களைச் செருகி ஈயம் வைத்தவள் அவரை ‘நானா’ என்று கூப்பிடும் தங்கை ஸரீனா. புருஷன் விட்டுப் போனபின் மகளோடு எங்களோடுதான் இருக்கிறாள். எங்களிடம் கை நீட்டாமல் இருந்தது அந்த வேலையால். அவளுக்காகவே இவர் போர்டை மாற்றி மாற்றி வரைந்தார். சாமானெல்லாம் ஒரே பக்கம் பார்க்கும், தலைகீழாய்ப் போகாது. ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் நுழைய இடம் விட்டிருப்பார்.

போன வருடம் கொம்பனி மெஷின் வாங்கியது. "கையால வெக்கிற சாமான் ஒண்ணும் வேணாம், எல்லாம் மெஷின் ஒட்டுற மாதிரி வரைஞ்சி குடுங்க" என்றார் முதலாளி போனில்.

"சரி சேர்." வைத்துவிட்டு என்னிடம் தேத்தண்ணி கேட்டார்.

"தங்கச்சிக்கிட்ட எப்ப சொல்றது? அவட மேசைய வித்த பொறகா?" என்றேன்.

சொல்லவில்லை. அவள் வந்தால் கம்பியூட்டர் திரையை மூடினார். அவளென்ன குருடியா? ஒரு நாள் பின்னால் வந்து நின்றாள்.

"நானா, என்ட வேலயத்தானே அழிக்கிறீங்க?"

"அழிக்கல்ல. மாத்துறேன்."

"அப்ப என்னத்துக்குக் கள்ளன் மாதிரி மூடுறீங்க?"

அன்றைக்கு ஒன்றை மட்டும் கையால் வைப்பதாகவே விட்டார். வேலிக் கம்பியைப் பூட்டும் சின்ன பிளாஸ்டிக் கட்டை. இரண்டு தடித்த கால், அவை நுழைய போர்டில் இரண்டு ஓட்டை. முதலாளி காரணம் கேட்டார்.

"நாலந்தாப் பக்கம் தோட்டம் செய்ற கமக்காரங்க கம்பியப் புடிச்சி இழுப்பாங்க சேர். ஒட்டினது பிஞ்சிரும்."

"அப்ப அத மட்டும் உங்கட வீட்டுல செஞ்சி அனுப்புங்க."

இப்போது எல்லாம் ஒட்டி முடிந்த போர்டுகள் பெட்டி பெட்டியாக பஸ்ஸில் வருகின்றன. ஸரீனா கட்டையைச் செருகி, இரண்டு பொட்டு ஈயம் வைத்து, அடுத்ததை எடுக்கிறாள். முன்பெல்லாம் போர்டில் லைட் எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். இப்போது அதையும் கொழும்பில் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன கிழமை கொம்பனி இவரைக் கொழும்பு ஒபிசுக்கே கூப்பிட்டது. மாட்டேன் என்றுவிட்டார்.

"ஏன், கொழும்பு கசக்குதா?"

"கம்பிய வெளிப் பெட்டியில இறுக்கிட்டா போர்ட்ல இழுவ விழாது. நான் போனா எனக்குப் பதிலா வரைய வாறவன் அதக் கண்டுபுடிச்சிருவான். கட்டையயும் மெஷினுக்குக் குடுத்துருவான்."

"அப்ப அந்தக் கட்ட தேவயில்லன்னு உங்களுக்கு மொதல்லயே தெரியும்!"

ஸரீனா மேசையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கட்டையயும் எடுத்துருங்க நானா. எனக்காக நீங்க இங்க கெடக்க வேணாம்."

"எடுத்தா நீ என்ன செய்வ?"

சூட்டுக்கோல் சும்மா புகைந்துகொண்டிருந்தது. ஸரீனா அடுத்த போர்டை எடுத்தாள்.

இவர் தேத்தண்ணி கேட்டார். ஊற்றினேன், மூன்று பேருக்கும். வேறென்ன செய்ய?