முப்பது சதவீதத்துக்கு மேல் தோல்

டேப் அக்காவை முதன்முதலில் பார்த்தது ஒரு விளம்பரப் பலகைக்கு அனுமதி கேட்டுப் போனபோதுதான். நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் விளம்பரப் பிரிவு. டியூஷன் சென்டருக்கான பலகை அது. எங்கள் வம்சத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் என்ற மிதப்பில், பட்டத்தின் எழுத்துகளைச் சென்டரின் பெயரைவிடப் பெரிதாகப் போட்டிருந்தேன். அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு வரைபடத்தைப் பார்த்தார்.

“படத்துல ஆளு யாராவது இருக்காங்களா தம்பி?”

“இல்லக்கா. எழுத்து மட்டுந்தான்.”

“நல்லதாப் போச்சு. தோல் இல்லாத பலகைன்னா எனக்கு நிம்மதி” என்று முத்திரையைக் குத்தினார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்பது அந்த மாடியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கேட்டால் அக்காவே சொல்வார். மற்றவர்கள் கேட்காமலே சொல்வார்கள்.

அக்கா விளம்பர ஆய்வாளர். ஊரில் நிற்கும் ஒவ்வொரு பலகையையும் இரும்பு டேப்பால் நீளம், அகலம் பார்த்து, அனுமதித்த அளவுக்குள் இருக்கிறதா என்று சரிபார்ப்பதுதான் வேலை. டேப் எப்போதும் கைப்பையில் இருக்கும். வீட்டில் கணவரின் தொப்பையைக்கூட மாதம் ஒருமுறை அளந்து நாட்காட்டியில் குறித்துவைப்பார். கணவர் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர்; வாய் திறந்து பேசாத மனிதர். ஒரே மகள் இந்தக் கதை நடந்த ஆண்டு பள்ளி இறுதி வகுப்பில் இருந்தாள்.

நகராட்சி விதிப்புத்தகத்தில் பலகையின் அளவைப் பற்றிப் பதினொரு பக்கம் உண்டு. ஆபாசத்தைப் பற்றி ஒரே வரி: ‘ஆபாசமான விளம்பரங்களுக்கு அனுமதி இல்லை.’ எது ஆபாசம் என்று புத்தகம் மூச்சு விடவில்லை. அக்கா வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம் யாரும் கேட்கவும் இல்லை.

அப்போதுதான் பள்ளிக்கூடத் திருப்பத்தில் ஓர் உள்ளாடைக் கடையின் பலகை முளைத்தது. ஜன்னலோரம் முதுகைக் காட்டி நின்று கூந்தலை முடியும் பெண். நகராட்சித் தலைவரின் கார் அந்த வழியே போனது. அடுத்த நிமிடம் அக்காவுக்குப் போன். “பார்த்தீங்களாம்மா அந்தக் கண்றாவிய? சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுங்க.” அக்காவுக்கும் அதைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. எடுத்துவிட்டார். மூன்றாம் நாள் கடைக்காரர் நீதிமன்றம் போய்விட்டார்.

கடைக்காரரின் வக்கீல் ஒல்லியான மனிதர். குரல் மட்டும் குண்டு.

“எதுக்கும்மா எடுத்தீங்க?”

“ஆபாசமா இருந்துச்சுங்க.”

“யாருக்கு?”

“பார்க்கறவங்களுக்கு.”

“எத்தனை பேரைக் கேட்டீங்க?”

அக்கா விரல்விட்டு எண்ணினார். “தலைவர் சொன்னாரு. அப்புறம் நான். ரெண்டு பேருங்க.”

“பலகை ரெண்டடி கூடுதலா இருந்தா டேப் வெச்சுக் காட்டுவீங்க. இதை எந்த டேப்பால அளந்தீங்க?”

அந்தக் கேள்வி அக்காவை வேறு யாரையும் தைக்காத இடத்தில் தைத்தது. நீதிபதி அம்மா இரண்டு வாரம் அவகாசம் கொடுத்தார். எது ஆபாசம் என்று எழுத்தில் வர வேண்டும். அது ஊரிலுள்ள எல்லாப் பலகைக்கும் ஒன்றுபோலப் பொருந்தவும் வேண்டும்.

வெளியே வந்ததும் தலைவரிடமிருந்து போன். “கேஸ் மட்டும் தோத்துச்சுன்னா அணைக்கட்டு பம்ப் ஹவுஸுக்கு மாத்திடுவேம்மா. அங்க போயி தண்ணி மட்டத்தை அளந்துட்டிருங்க.” அணைக்கட்டுக்குப் பேருந்தில் ஆறு மணி நேரம். மகளுக்குத் தேர்வு ஐந்து மாதத்தில். கணவருக்குச் சமையலில் வெந்நீர் வரைதான் தேர்ச்சி.

மறுநாள் அலுவலகமே கூடியது.

“ரோட்டுல வண்டி ஓட்டறவன் திரும்பிப் பார்த்தா அது ஆபாசம்க்கா” என்றார் ஜீப் டிரைவர்.

“நீ டயர் விளம்பரத்தையே திரும்பித் திரும்பிப் பாக்குற ஆளு” என்று தட்டச்சுக்காரப் பெண் வாரினாள். “குடும்பத்தோட போறப்ப எதைப் பார்த்ததும் டக்குனு வேற பேச்சுப் பேசறோமோ, அதுதான்க்கா.”

“அதை எப்படிம்மா ஃபைல்ல எழுதறது?” என்றார் தலைமை எழுத்தர். அவருக்கு எந்தச் சிக்கலுக்கும் மருந்து பழைய கோப்புத்தான். “முன்னால யாராவது எழுதியிருக்காங்களா பாருங்க.” யாரும் எழுதியிருக்கவில்லை.

அளந்தே வாழ்க்கையை ஓட்டியவர் அக்கா. அன்று மாலை மகளின் கட்டம் போட்ட கணக்கு நோட்டைப் பார்த்ததும் அவருக்குப் பொறி தட்டியது. ஒவ்வொரு பலகையையும் படம் எடுப்பது. கட்டம் போட்ட கண்ணாடித்தாளை அதன் மேல் வைப்பது. தோல் தெரியும் கட்டங்களை எண்ணி, மொத்தக் கட்டங்களோடு ஒப்பிடுவது. முப்பது சதவீதத்துக்கு மேல் தோல் தெரிந்தால் ஆபாசம். உள்ளாடைக் கடைப் பலகை முப்பத்துநான்கு வந்தது. அக்கா நிம்மதியாகத் தூங்கினார்.

நிம்மதி ஒரு வாரம்தான். இருநூற்றுப் பதினான்கு பலகைகளையும் எண்ணி முடித்தபோது, ஊரின் படுமோசமான விளம்பரமாக வந்து நின்றது பித்தவெடிப்புக் களிம்பு: தொண்ணூற்றிரண்டு சதவீதம், இரண்டு குதிகால்கள். அடுத்தது குழந்தை சோப்பு. மூன்றாவது பற்பசை. அதில் ஒரு தாத்தா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான்காவது படத்தைப் பார்த்ததும் தலைமை எழுத்தர் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். ‘நகரைச் சுத்தமாக வைப்போம்’ என்ற பலகை. பலகை முழுக்கத் தலைவரின் முகம்.

“தலைவர் அறுபத்தாறு சதவீதமாம்மா?”

“வழுக்கையையும் சேர்த்துங்க.”

“வழுக்கை எப்படிம்மா தோலாகும்? முடி இருந்த இடம்னு போடுங்க. அதைக் கழிச்சா…”

“கழிச்சாலும் நாப்பத்தொண்ணுங்க. கன்னம் பெருசு.”

அந்தப் பலகையைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுங்கள் என்று கெஞ்சினார் எழுத்தர். தூக்கினால் எல்லாப் பலகைக்கும் ஒரே அளவு என்பது பொய்யாகிவிடும். வாழ்நாளில் ஒரு விரற்கடைகூட மாற்றி எழுதாத கை அக்காவுடையது. வைத்தாலோ பம்ப் ஹவுஸ். அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா, கணவர், மகள் மூவரும் ஸ்கூட்டரில் கடைத்தெருவுக்குப் போனார்கள். சிக்னலில் நின்றபோது எதிரே புதிதாக ஒரு மெத்தைக் கடைப் பலகை. படத்தில் ஆளே இல்லை. அணைத்த விளக்கு, கலைந்த போர்வை, தரையில் இரண்டு ஜோடிச் செருப்பு, அவற்றில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கீழே, ‘நாளை லீவுதானே’ என்று இரண்டே சொல்.

கணவர் தொண்டையைச் செருமினார். “மழை வரும்போல இருக்கு.”

வானத்தில் பஞ்சளவுகூட மேகம் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த மகள், “ஆமாப்பா, கொட்டப்போவுது” என்றாள். அக்கா மனதுக்குள் கட்டங்களை எண்ணிப் பார்த்தார். தோல் பூஜ்யம்.

விசாரணை நாளில் அக்கா பட்டியலை முழுசாகவே கொண்டுபோனார். வழுக்கையையும் கழிக்கவில்லை.

வக்கீலுக்குக் கரும்பு தின்னக் கிடைத்த மாதிரி. “குழந்தை சோப்பு ஆபாசமாம்மா?”

“கணக்குப்படி ஆமாங்க.”

“உங்களுக்கு அப்படித் தோணுதா?”

“இல்லைங்க.”

“தோணாததை எதுக்கு எழுதினீங்க?”

“தோணுறதை எழுதினப்ப டேப் எங்கன்னு கேட்டீங்க. டேப்பை வெச்சா இப்படி வருது.”

நீதிபதி அம்மா பேனாவைக் கீழே வைத்தார். “கணக்குல பூஜ்யம் வந்து, ஆனா உங்களுக்கு ஆபாசம்னு பட்டது ஏதாவது இருக்கா?”

அக்கா தயங்கினார். “மெத்தைக் கடைப் பலகை ஒண்ணு இருக்குங்க. அதைப் பார்த்ததும் எங்க வீட்டுக்காரர் மழை வரும்னாரு. வெயில் மண்டையைப் பொளந்துட்டிருந்துச்சு.”

மன்றத்தில் சிரிப்பு அடங்க நேரமானது. நீதிபதி பட்டியலைப் புரட்டி நான்காம் வரியில் நின்றார்.

“இதுல உங்க தலைவர் படமும் இருக்கே. அவருக்குத் தெரியுமா?”

“தெரியுங்க. மாத்தல் ஆர்டர் டைப் அடிச்சு ரெடியா இருக்குன்னு காலையிலயே போன் வந்துச்சு.”

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. உள்ளாடைக் கடையின் பலகை மறுபடி ஏறியது. எது ஆபாசம் என்பதை இனி ஓர் ஆளோ ஒரு டேப்போ முடிவுசெய்யக் கூடாது. அதற்கு ஏழு பேர் கொண்ட குழு அமைத்து வரையறை எழுத வேண்டும். கடைசியாக இன்னொரு வரி: வரையறை எழுதி முடியும் வரை, இருநூற்றுப் பதினான்கு பலகைகளையும் எண்ணிய அனுபவமுள்ள இந்த ஆய்வாளரே குழுவின் செயலாளர். அதுவரை அவரை எங்கும் மாற்றக் கூடாது.

தலைவர் அந்த வரியை மூன்று முறை வாசித்தாராம். டைப் அடித்த ஆர்டர் மேசை இழுப்பறைக்குள் போனது.

குழு முதல் கூட்டத்தில் ‘கூச்சம்’ என்ற சொல்லை ஏற்றது, இரண்டாவதில் நீக்கியது. யாருடைய கூச்சம் என்பதில் ஓய்வுபெற்ற மருத்துவருக்கும் பள்ளித் தலைமையாசிரியைக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது. சீக்கிரம் முடியுங்கள் என்று தலைவர் நெருக்க நெருக்க, கூட்டத்தின் நிகழ்ச்சிக்குறிப்பை ஒரு காற்புள்ளிகூட விடாமல் எழுதிப் படித்துக்காட்டி எல்லோரிடமும் ஒப்புதல் கேட்பார் அக்கா. அதிலேயே பாதி நாள் போய்விடும்.

மகள் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தாள். இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, வீட்டிலிருந்துதான் போய்வருகிறாள். குழு இதுவரை பத்தொன்பது முறை கூடியிருக்கிறது. வரையறை இன்னும் வரவில்லை. அக்கா அதே இரண்டாம் மாடியில், ஜன்னலை ஒட்டிய அதே மேசையில், விளம்பர ஆய்வாளராகவும் குழுச் செயலாளராகவும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்.