பழத்தோட்டம் பார்க்கப் போகிறோம்

டீச்சர் கொடுத்த ஒயின் ரயிலில் வெடித்தது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், ராயபுரத்தில் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்திருந்தேன். திருவொற்றியூர் வருவதற்குள் அவள் ஒயினை ஊற்றித் தந்த தண்ணீர் பாட்டிலின் மூடி மின்விசிறியில் போய் மோதியது. எதிரில் மாலை போட்டு, சிவப்புப் புடவை கட்டிய அம்மா ஒருத்தி. புடவையின் நிறத்தில் கறை தெரியவில்லை. வாசனைதான் லேடீஸ் பெட்டி முழுக்கப் பரவியது.

"இன்னாமே இது?"

"திராட்சை ஜூஸும்மா."

"ஜூஸு எதுக்குமே வெடிக்குது?"

நான் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கிவிட்டேன். அங்கிருந்தே டீச்சருக்குப் போன் போட்டேன். அவளுக்கு என்னைப் பற்றிக் கவலையே இல்லை. "பாத்தியா, இன்னும் உயிரோட கீது என் ஒயினு!" என்று பூரித்துப் போனாள்.

நாங்கள் நான்கு பேர். பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்துவிட்டு, சாயங்காலம் கேட்டில் நின்று நின்று சிநேகமானவர்கள். பிள்ளைகள் படித்து முடித்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகும் நாங்கள் நிற்பது மட்டும் நிற்கவில்லை. டீச்சர் வீட்டு ஹாலுக்கு இடம் மாறியது. அந்தப் பள்ளியில் பாடம் நடத்தியவள் என்பதால் அவள் டீச்சர். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவள் எங்களில் மூத்தவள், எல்லாருக்கும் அக்கா. வண்ணாரப்பேட்டையில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறவள் டெய்லர். நான் துறைமுகத்துக்கு எதிரில் ஒரு கிளியரிங் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். என்னை ஆபீசு என்பார்கள்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அறிவித்தாள். "எங்கம்மா சொல்லிக் குடுத்தபடி வருஷா வருஷம் ஜாடியில போடறேன். ஆனா உண்மையான ஒயின் எப்டி இருக்கும்னு இதுவரைக்கும் எனக்குத் தெரியாது. இந்த மே லீவுல அத பண்ற ஊருக்கே போயி பாக்கணும்."

பிரான்சுக்கு விசா வாங்குவது பற்றி விசாரித்தோம், விசாரித்ததோடு சரி. துபாயில் இருக்கும் டீச்சரின் கூடப்பிறந்த அக்காவின் மகன்தான் ஜார்ஜியா என்று சொன்னான். அமெரிக்காவில் இருப்பது இல்லை, இது வேறு, ரஷ்யாவுக்குக் கீழே இருப்பது. விசா சுலபம், மலை உண்டு, குளிர் உண்டு. முக்கியமாக, அங்கே ஆள் உயர மண் ஜாடியைப் பூமியில் புதைத்து அதற்குள் ஒயின் போடுகிறார்களாம்.

"நம்ம ஊர்லயும்தான் பொதச்சு வெச்சு காச்சுவானுங்க," என்றாள் அக்கா. "போலீசு வந்து தோண்டி எடுக்கும்."

மே மாதம் மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகெல்லாம் கரையில் கிடக்கும் என்பதால் அக்காவுக்கு அதுதான் தோதான நேரம். நான் லீவு சொல்லிவிடலாம். எல்லாரும் டெய்லரைப் பார்க்காமல் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து வேளை தொழுகிறவளிடம் ஒயின் பார்க்க வருகிறாயா என்று எப்படிக் கேட்பது?

"நானும் வரேன்," என்றாள் அவளே. "நா குடிக்க மாட்டேன். ஆனா நீங்க மூணு பேரும் ஊத்திக்கினு எங்கனா மலைல குந்திக்கினு இருந்தா, ரூமுக்கு யாரு இட்டுக்கினு வர்றது?"

வீட்டில் என்ன சொல்வது என்ற கேள்விக்கும் அவளேதான் வழி சொன்னாள். "பழத்தோட்டம் பாக்கப் போறோம்னு சொல்லுங்க. திராட்சை பழந்தானே? பொய்யே இல்ல."

அன்றிலிருந்து அது பழத்தோட்டம் ஆனது. எங்கள் வாட்ஸாப் குழுவின் பெயரும் அதுதான். அக்காவின் வீட்டுக்காரர் விசைப்படகு ஓட்டுகிறவர். அவர் கேட்டாராம்: "பழம் பாக்க எதுக்குமே பிளேனு? கோயம்பேடு போ, லாரி லாரியா கீது." என் கணவர் நிதானமாக யோசித்து, "திராட்சை கம்பம் பக்கம் கூட இருக்கே," என்றார். அங்கே குளிர் இல்லை என்றேன். கொடைக்கானல் பக்கத்தில்தான் என்றார். பூகோளம் நன்றாகத் தெரிந்தவரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான்.

யானைக்கவுனியில் ஒரு டிராவல்ஸ் இருந்தது. அப்பாவும் மகனும் நடத்துவது. சுவரெல்லாம் காசி, துவாரகை, கேதார்நாத். உள்ளே ஊதுபத்தி வாசனை. மகனிடம் டீச்சர் பளிச்சென்று ஒயின் என்றாள். அவன் கல்லாவில் இருந்த அப்பாவை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "மேடம், எல்லாம் பண்ணித் தரேன். அந்த வார்த்தைய மட்டும் இங்க சொல்லாதீங்க. எங்கப்பா வெங்காயமே சாப்பிட மாட்டார்."

"சரி, பழத்தோட்டம்," என்றாள் டெய்லர். அவனுக்கும் அது பிடித்துப்போனது.

அடுத்தது ஒத்திகை. ஊருக்குப் போய் அசடு வழியக் கூடாது, முறையாகச் சுவைக்கப் பழக வேண்டும் என்றாள் டீச்சர். அதற்கு ஒரு பாட்டில் வேண்டும். எங்கள் ஊரில் ஒயின் ஷாப் என்றுதான் பெயர். அங்கே யாரும் கேட்காத ஒரே சரக்கு ஒயின். நாங்கள் தயங்கி நிற்க, அக்கா புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். கூட்டத்தில் பாதிப் பேர் அவளிடம் மீன் வாங்குகிறவர்கள். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வழி விட்டார்களாம். கடைக்காரன் அடி அலமாரியில் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்துத் தூசி தட்டினான்.

"யாருக்கும்மா, வூட்டுக்காரருக்கா?"

"அவுரு இதெல்லாம் தாங்க மாட்டாரு. எனக்குதான்."

பாட்டிலைத் திறக்கும் கருவி எங்கள் யாரிடமும் இல்லை. கரண்டிக் காம்பால் தக்கையை உள்ளே தள்ளிவிட்டோம். டீச்சர் போனில் ஒரு வெள்ளைக்காரரின் வீடியோவைப் போட்டு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். முதலில் சுழற்ற வேண்டும். பிறகு மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும். "நல்ல ஒயின்ல தோல் வாசனை, புகையிலை வாசனை, ஈர மண் வாசனையெல்லாம் வருமாம்."

"தோல் வாசனையா?" என்றாள் டெய்லர். அவளுக்கு டம்ளரில் ரோஸ் மில்க். "அதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம்? எங்க மாமு பெரியமேட்டுல தோல் மண்டி வெச்சிக்கினு கீறாரு. ஓசிலயே மோந்து பாக்கலாம்."

அக்கா கண்ணை மூடி நீளமாக இழுத்தாள். "எனக்கு மீன் நாத்தந்தான் வருது."

"அது ஒயின் இல்லக்கா, உன் கையி."

நான் மோந்தேன். சத்தியமாக எனக்குக் கேஸ் வாசனை வந்தது. சொன்னேன். டீச்சர் மறுபடி மோந்து, ஆமாம் என்றாள். அக்காவும் ஆமாம் என்றாள். நல்ல ஒயினா கெட்ட ஒயினா என்று வீடியோவில் தேடிக்கொண்டிருக்கும்போது டெய்லர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். வடக்கே இருக்கும் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று திரும்பியிருந்தது. சாத்தியதும் ஒயினில் ஒரு வாசனையும் இல்லாமல் போனது.

கடைசியாக வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்று வெள்ளைக்காரர் செய்து காட்டினார். டீச்சர் அதற்காக ஒரு பக்கெட் வைத்திருந்தாள். அக்கா அந்தப் பக்கெட்டையும் வீடியோவையும் மாறி மாறிப் பார்த்தாள். "கஸ்மாலம், வாங்கினு வந்து துப்பறானே," என்றுவிட்டுத் தன் டம்ளரையும், பிறகு என்னுடையதையும் காலி செய்தாள்.

ஏப்ரலில் டிக்கெட் போட்டு எல்லாவற்றையும் உறுதி செய்ய நானும் டெய்லரும் யானைக்கவுனி போனோம். மகன் ஒரு கல்யாணத்துக்கு ராஜஸ்தான் போயிருந்தான். பெரியவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்தார்.

"ஜார்ஜியாவா? என்னம்மா பார்க்கணும் அங்க?"

டெய்லர் என்னைப் பார்த்தாள். பெரியவரின் தலைக்கு மேல் சாமி படங்கள். "பழத்தோட்டம், ஐயா," என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மகன் எதையோ தப்பாக எழுதி வைத்திருக்கிறான், நான் சரி செய்கிறேன் என்றார். சாப்பாட்டைப் பற்றிக் கவலையே படாதீர்கள் என்றும் சொன்னார். எவ்வளவு நல்ல மனிதர் என்று பேசிக்கொண்டே பஸ் ஏறினோம்.

பயணத் திட்டம் டீச்சருக்கு வந்தபோது அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். முதல் நாள் செர்ரித் தோட்டம். அடுத்து ஆப்பிள் தோட்டம். பிறகு மலைமேல் மடாலயம், அருவி, மறுபடி ஒரு செர்ரித் தோட்டம். மூன்று வேளையும் சுத்த சைவம். ஒயின் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.

டெய்லர் துப்பட்டாவை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள். அதற்குள் டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடினோம் யானைக்கவுனிக்கு. மகன் தலையில் அடித்துக்கொண்டான். எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. பெரியவர் மட்டும் எங்களை ஆசீர்வதிப்பது போல் தலையசைத்தார். "குடும்பப் பெண்கள். அவன் உங்களை எங்கெங்கேயோ அனுப்பப் பார்த்தான்ம்மா. நான் காப்பாத்திட்டேன்."

அந்த முகத்தைப் பார்த்து டீச்சரால் சண்டை போட முடியவில்லை. நன்றி ஐயா என்று சொல்லிவிட்டு வந்தாள். விமானத்தில் என்னோடும் டெய்லரோடும் பேசவே இல்லை.

முதல் நாள் செர்ரித் தோட்டத்துக்குத்தான் போனோம். மரமெல்லாம் சிவப்பாகக் காய்த்துத் தொங்கியது. தோட்டக்காரர் மீசை வைத்த பெரிய ஆள். எங்கள் வேன் டிரைவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அவர் மூலமாக டீச்சர் செர்ரி பற்றி மரியாதைக்கு இரண்டு கேள்வி கேட்டாள். தோட்டக்காரர் எங்களை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தரையில் கிடந்த ஒரு கல்லைப் புரட்டினார். அடியில் ஜாடியின் வாய். உள்ளே, தேன் நிறத்தில், ஒயின்.

டீச்சர் அப்படியே மண்டி போட்டுவிட்டாள்.

டிரைவர் சிரித்தார். இந்தப் பக்கத்தில் ஜாடி இல்லாத வீடே கிடையாதாம். ஆப்பிள் தோட்டத்திலும் இருந்தது. மடாலயத்தில் துறவிகளே போட்டார்கள். பெரியவர் தேர்ந்தெடுத்த ஒவ்வோர் இடத்திலும் எங்களை உட்காரவைத்து ஊற்றினார்கள். ஒயின் பார்க்க வேண்டும் என்று கேட்டுப் போயிருந்தால்கூட இவ்வளவு பார்த்திருப்போமா என்று தெரியவில்லை.

அந்த முதல் தோட்டத்தில் டீச்சர் ஒரு வாய் குடித்துவிட்டு வெகுநேரம் யோசித்தாள். நாங்கள் காத்திருந்தோம். "சக்கர பத்தல," என்றாள். பிறகு தோட்டக்காரரின் மனைவியைப் பிடித்துக்கொண்டு, கிராம்பும் கோதுமையும் எப்போது போட வேண்டும் என்று தமிழில் விளக்கினாள். அந்த அம்மா தன் பாஷையில் அவளைத் திட்டியது போல்தான் இருந்தது. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை பேசினார்கள். டெய்லருக்கு அக்ரூட் பருப்பைக் கயிற்றில் கோத்துத் திராட்சைச் சாற்றில் தோய்த்துக் காயவைத்த ஒரு தின்பண்டம் கிடைத்தது. பார்த்தால் மாதா கோயில் மெழுகுவர்த்தி மாதிரி இருக்கும். அவள் தெருவுக்கே வாங்கிப் பெட்டியை நிரப்பினாள். சுத்த சைவச் சாப்பாடு மட்டும் தினமும் சரியாக வந்தது. மீன் விற்கிறவளான அக்கா, தட்டில் விழும் ராஜ்மாவை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்ப்பாள்.

அந்த ஊரில் ஒவ்வொரு கிளாஸுக்கு முன்னாலும் யாராவது எழுந்து ஒரு பேச்சுப் பேச வேண்டும். செத்தவர்களுக்கு, பிள்ளைகளுக்கு, விருந்தாளிகளுக்கு என்று அந்தந்தத் தோட்டக்காரர் உணர்ச்சியோடு பேசுவார். முடியும் வரை குடிக்கக் கூடாது. நாங்கள் கிளாஸைப் பிடித்தபடி கை வலிக்க நிற்போம்.

கடைசி நாள் இரண்டாவது செர்ரித் தோட்டம். மத்தியானம் மரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். அக்காவின் போன் அடித்தது. வீடியோவில் அவள் மருமகள், பின்னால் காசிமேடு, கூச்சல். சின்னப் படகு ஒன்று வஞ்சிரத்தோடு கரைக்கு வந்திருக்கிறது, தடைக்காலத்தில் இப்படி ஒரு மீன் கிடைக்காது, ஏலம் ஆரம்பித்துவிட்டது, என்ன செய்வது என்று அவள் பதறினாள்.

"போன அந்தாண்ட திருப்புடி! மீன காட்டு! செவுள தூக்கிக் காட்டு!"

அக்கா எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டு நின்றாள். ஒரு கையில் போன், இன்னொரு கையில் அந்தத் தோட்டக்காரர் ஊற்றிக் கொடுத்த கிளாஸ். ஒரு வாரமாக ராஜ்மா தின்று அடங்கிக் கிடந்த குரல் வெளியே வந்தது. "யோவ், அவனுக்கு வுடாத! நான் கேக்கறேன்! என் வெலைய கேளுய்யா! எவன்யா குறுக்க பூர்றது, பேமானி!" மரத்திலிருந்த பறவையெல்லாம் கிளம்பிப் போயின. இங்கிருந்து அவள் கத்த, அங்கே மருமகள் கத்த, ஏலக்காரன் கத்த, கடைசியில் அக்கா கிளாஸ் பிடித்த கையை மேலே தூக்கி, "என்துதான்! எட்து வெய்யி!" என்றாள்.

மேசையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். தோட்டக்காரர் வலது கையை நெஞ்சில் வைத்திருந்தார். கண் கலங்கியிருந்தது. அவர் ஏதோ சொல்லிக் கிளாஸை உயர்த்த, எல்லாரும் உயர்த்தினார்கள். நாங்களும் உயர்த்தினோம்.