முறப்பாறையில் கயிறு பிடித்தவர்

எங்கள் மலையின் குண்டனி நாட்டில் முறப்பாறை என்று ஒன்று உண்டு. முறத்தைக் கவிழ்த்துச் சாய்த்ததுபோல் பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் அடிப்பக்கத்தில் மலைத்தேனீ கூடு கட்டும். மேலே நிற்பவர்களுக்குக் கூடும் தெரியாது, இறங்கிய ஆளும் தெரியமாட்டார். கயிறு மட்டும்தான் தெரியும்.

அந்த வருடம் புகைப்பந்தத்தோடு அப்பா இறங்கினார். கயிறு பிடித்தது மாமா, அம்மாவின் அண்ணன். நான் பயந்தது பாறைக்கு இல்லை, மாமாவுக்குத்தான். மிளகுக்கொடி ஏறிய ஒரு மரம் யார் எல்லையில் நிற்கிறது என்று அவருக்கும் அப்பாவுக்கும் பொங்கலன்று வாய்ச்சண்டை வந்து, அதிலிருந்து பேச்சுவார்த்தையே இல்லை. பேசாத மனுஷன் கையில் போய் யாராவது உயிரைக் கொடுப்பார்களா? மூன்றாம் வகுப்பு படித்த எனக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியவில்லையே என்று எரிச்சலாக வந்தது.

சித்தப்பா எவ்வளவோ மேல். அப்பாவின் தம்பி, செம்மேட்டுச் சந்தைக்குப் போனால் எனக்குத் தேன்மிட்டாய் வாங்காமல் திரும்பமாட்டார். அன்றும் வந்திருந்தார்.

"நானும் ஒரு கை புடிக்கறனுங்க அண்ணி."

"வேண்டாந் தம்பி, அங்கயே உக்காருங்க" என்றாள் அம்மா.

நான் மாமாவையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கயிற்றை மரத்தில் ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று போட்டு, குதிகாலைப் பாறை வெடிப்பில் ஊன்றியிருந்தார். எல்லாம் நடிப்பென்று பட்டது. சட்டைப்பையில் செல்போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அப்போதும் எடுக்கவில்லை. யார் கூப்பிடுகிறார்கள், எங்களிடம் எதை மறைக்கிறார்? மெல்லப் போய், மிச்சக் கயிற்றின் நுனியை என் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டேன். மாமா கைவிட்டால் அப்பாவை நான் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு.

மாமா பார்த்துவிட்டார். "அவுத்துப் போட்டுட்டு அப்பால போ சாமி."

"மாட்டேன். நீங்க உட்ருவீங்க."

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. வந்து முடிச்சை அவிழ்த்து, என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, பழைய இடத்திலேயே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். புருஷன் அந்தரத்தில் தொங்கும்போது விளிம்புக்கு வந்து ஒரு தரம் எட்டிப் பார்க்கக்கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அப்பா கை வீங்கி, தேன் தகரத்தோடு ஏறி வந்தார். மாமாவிடம் அப்போதும் பேசவில்லை. தேனடையில் ஒரு துண்டைப் பிட்டு முதலில் அவர் கையில் வைத்தார், அவ்வளவுதான்.

தேனுக்கு இறங்குகிறவனின் கயிற்றை மைத்துனன்தான் பிடிக்கவேண்டும் என்ற வழக்கம் எனக்கு வளர்ந்த பிறகே தெரிந்தது. என்ன சண்டை இருந்தாலும் கூடப்பிறந்தவளின் தாலி அறுக்க அவனுக்கு மனசு வராது. சொந்தத் தம்பி மட்டும் கயிற்றைத் தொடக்கூடாது. அண்ணன் இல்லாவிட்டால் நிலம் அவன் பக்கம் சாய்ந்துவிடலாம். சித்தப்பா பாவம், எறும்புக்கும் கெடுதல் நினைக்காதவர். ஆனாலும் எங்கள் மலை என்னைவிடப் பெரிய சந்தேகக்காரியாக இருந்திருக்கிறது.

அன்று அம்மா நின்ற இடத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். கயிற்றுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் நின்றிருந்தாள்.