படிச்சுக் காட்ட வந்தவள்

எங்க வீட்டுக்காரர் அருள்புரத்தில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். இடது காலைச் சாய்த்து நடப்பார். அவர் லைனில் தைக்கிற தெக்கத்திப் பெண் ஒருத்தி கதை எழுதுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காகிதத்தோடு எங்க வீட்டுக்கு வந்தாள். பத்திரிகைக்கு அனுப்பப் போகிற கதையாம்.

"உங்களப் பத்திண்ணே. நீங்க கேட்டப்புறம்தான் அனுப்புவேன்."

"என்னையப் பத்தியா? நான் ஹீரோவா?"

"இல்லண்ணே."

நான் டிவியை அமத்தினேன். படித்தாள்.

ஷிப்மென்ட் நேரம். டைலர் பெண்ணுக்கு ஊரில் அம்மா சாகக் கிடக்கிறாள். லீவு கேட்கிறாள். "சரக்கு ஏறட்டும், அப்புறம் போ" என்கிறான் சூப்பர்வைசர். சிரிக்கிறான். காலைச் சாய்த்து நடந்து போகிறான். அவள் ஊர் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை.

பேர் மட்டும் வேறே. அந்த டைலர் பெண் இவளேதான். அது நடந்தபோது லைனில் இருந்த மற்ற ஆட்கள் இப்போது இல்லை. ஆனால் அந்தக் கால் எல்லோருக்கும் தெரியும்.

அவர் காகிதத்தை எட்டிப் பார்த்தார். அப்புறம், "நான் சிரிக்கலை கண்ணு" என்றார்.

அவள் யோசித்தாள். "ஆமாண்ணே. கோவத்துல எழுதிட்டேன்." அந்த வரியை அடித்தாள்.

"மத்ததெல்லாம் நடந்ததுதான்" என்றார் அவர்.

நான் விடவில்லை. "காலையாச்சும் எடுத்துரு சாமி. நாளைக்கு லைன்ல யாரு இவர மதிப்பா?"

"கால் என்னக்கா தப்பு பண்ணுச்சு?" அதையும் அடித்தாள். லீவு கொடுக்காததைத் தொடவில்லை. டீ குடித்துவிட்டுப் போனாள். ஒருத்தரைக் குத்தம் சொல்லி எழுதி, அவர் வீட்டுக்கே போய்ப் படிக்க எனக்குத் தைரியம் வராது.

கதை வந்தது. லைனிலும் படித்தார்கள். யாருக்கும் ஆள் தெரியவில்லை. நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் சாயங்காலம் வந்தவர், "அது நான்தான்னு சொல்லிப்போட்டேன்" என்றார்.

"எதுக்குங்க? அந்தப் புள்ளயே மறைச்சுதே!"

"ஆத்தா சாகக் கெடந்தா எவன் லீவு தர மாட்டான், இவ கட்டி உடறான்னு ஒருத்தன் சொன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. அவ குனிஞ்சு தெச்சுட்டே இருந்தா. எம்பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை."

"அப்புறம்?"

"மிசின் எல்லாம் நின்னுச்சு. அப்புறம் ஓடுச்சு."

இப்போது லைனில் சில பேர் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. அவள் சொல்கிறாள்.