மருந்து மிட்டாய்

2024 மார்ச் 5, செவ்வாய்க்கிழமை, காலை 11.20. சிவகாசியில் அந்த நேரத்துக்கே தார் இளகும் வெயில். காற்று கொஞ்சமும் இல்லை. கூரியர்காரர் கொடுத்த பெட்டியின் ஒரு மூலை ஈரமாக இருந்தது. திறக்கும் முன்பே மனம் எண்ணத் தொடங்கிவிட்டது: வரிசைக்கு ஆறு, நான்கு வரிசை, இருபத்து நான்கு.

இதே மாதிரிப் பெட்டியைத்தான் 2022 தீபாவளிக்கு, ஜெர்மனியில் இருக்கும் என் மகள் கொண்டுவந்தாள். என் மனைவி முதல் சாக்லேட்டைக் கடித்ததும் உள்ளேயிருந்த பாகு வாயில் உடைந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"ஏங்க, இதுக்குள்ள மருந்து செலுத்தியிருக்காக!"

கல்யாணத்துக்கு முன் நான்கு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு வெடிமருந்து செலுத்தியவள். எதற்குள் எதை அடைத்திருந்தாலும் அவளுக்கு அது மருந்துதான். "நெஞ்சுக்குள்ள திரி பத்துது" என்று சிரித்துக்கொண்டே மூன்று தின்றாள். நானும் மகளும் ஆளுக்கு ஒன்று.

நான் அதே கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் லோடில் அனுப்பும் பெட்டிகளை எண்ணியவன். அட்டையில் இருப்பதை வாசிக்காமல் விடமாட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கம் பார்த்தேன். பிராந்தி.

அவளுடைய அப்பா குடித்தே செத்தவர். கல்யாண வீட்டில் பக்கத்து இலையிலிருந்து வாடை வந்தால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவாள். தெரிந்தால் உடைந்துபோவாள் என்று பயந்தேன். மீதிப் பத்தொன்பதையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எறும்பு மொய்த்துவிட்டது, தூரப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

தை மாதம் படுக்கையில் விழுந்தாள். சிகிச்சையில் நாக்கு செத்துப்போய், கஞ்சிகூட மண்ணாக இருந்தது அவளுக்கு.

"அந்த மருந்து மிட்டாய் ஒண்ணு கெடந்தாக் குடுங்களேன்."

"அதான் தூரப் போட்டாச்சுன்னேனே."

"ஊருக்கெல்லாம் அம்புட்டுப் பெட்டி எண்ணி அனுப்புனீக. எனக்கு ஒண்ணு எண்ணி வைக்க முடியலையாக்கும்."

பீரோ அவள் தலைமாட்டிலிருந்து ஆறு அடி. சாவி என் இடுப்பில் இருந்தது. இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. மாசி ஒன்பதாம் நாள் போய்விட்டாள். பத்தொன்பதையும் சாக்கடையில் கொட்டினேன்.

வருஷத் திதியன்று மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பா, அது பிராந்தின்னு அம்மாவுக்கு அன்னைக்கே தெரியும். நாந்தான் சொன்னேன். 'குடிச்சாத்தான் குத்தம், கடிச்சாக் குத்தமில்லடி. உங்கப்பாட்ட மூச்சு விட்றாத, பிடுங்கிப் பூட்டி வச்சிருவாக'ன்னாக."

சென்னைக்கு வரும் தன் தோழியிடம் ஒரு பெட்டி கொடுத்தனுப்பும்படி மகளிடம் சொன்னேன். பணம் வேண்டாம் என்றாள், நான் விடவில்லை.

இன்று வந்த அந்தப் பெட்டியைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். பதினெட்டு உருகி, பாகு வடிந்து, ஒரே கட்டியாகியிருந்தன. முழுசாக ஆறு. ஒன்றை அவள் படத்துக்கு முன்னால் வைத்தேன். ஒன்றைக் கடித்தேன். நெஞ்சுக்குள் திரி பற்றியது. யாரோ ஏதோ சொல்லப்போவதுபோல மெல்லாமல் நின்றேன். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் கேட்டபோது சாவியைத் திருப்பியிருந்தால் போதும், ஒரு காசு செலவாகியிருக்காது. இப்போது பெட்டி 1,980 ரூபாய், சென்னையிலிருந்து கூரியர் 180. மொத்தம் 2,160.